விலை கொடுத்து மீட்பது: ‘ரிடெம்ப்ஷன்’ என்ற சொல்

1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவுக்குச் சற்று முன்பு அரசியல் நிர்ணய சபையில் நேரு ஆங்கிலத்தில் பேசிய உரையின் முதல் வாக்கியம் பலருக்கும் தெரிந்ததுதான். நெடுங்காலத்துக்கு முன்னால் விதியோடு ஒரு சந்திப்புக்கு நாள் குறித்தோம். இப்போது நம்முடைய ‘ப்ளெட்ஜ்’ஐ ‘ரிடீம்’ செய்யும் வேளை வந்திருக்கிறது, முழுமையாக இல்லாவிட்டாலும் மிகப் பெருமளவுக்கு என்றார். இதைத் தமிழில் சொல்லும்போது ‘வாக்குறுதியை நிறைவேற்றும் வேளை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வாக்கியத்தின் உயிர் அதில் வரவில்லை.

ப்ளெட்ஜ் என்பதற்கு உறுதிமொழி என்று ஒரு பொருள், அடகுப் பொருள் என்று இன்னொரு பொருள். ரிடீம் என்பதற்கு அடகை மீட்பது என்பது மிகப் பழைய, மிக இயல்பான பொருள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு காட்சி தெரியும்: ஒரு தலைமுறை தன் சொல்லையே அடகு வைத்திருக்கிறது. சொன்னதைச் செய்து முடிக்கும்வரை அந்தச் சொல் அவர்கள் கையில் இல்லை, வேறெங்கோ கிடக்கிறது. விலை கொடுத்தால்தான் திரும்பி வரும். ‘முழுமையாக இல்லாவிட்டாலும்’ என்று அவர் சேர்த்துக்கொண்டதும் கடன்காரனின் கணக்குதான். கேட்டது முழு நாடு, கைக்கு வந்தது பிரிந்த நாடு. பெரும்பகுதியைக் கட்டிவிட்டோம், மிச்சம் நிற்கிறது என்று நேர்மையாகச் சொல்லும் குரல் அது. ‘நிறைவேற்றுதல்’ என்ற சொல்லில் இந்த மிச்சத்துக்கு இடமே இல்லை.

மொழிபெயர்ப்பு வேலை செய்கிற எனக்கு இந்தச் சொல் வாரம் ஒரு முறையாவது எதிரே வந்து நிற்கும். ஒரு நாள் கடன்பத்திரத்தின் விதிமுறைகளில் வரும். மறுநாள் ஒரு நாவலைப் பற்றிய கட்டுரையில். அப்புறம் ஒரு ஜெப வரியில், ஒரு கைப்பேசிச் செயலியின் பொத்தானில், கிரிக்கெட் வர்ணனையில். ஒவ்வொரு இடத்திலும் அகராதி வேறு வேறு சொல் தருகிறது: மீட்பு, இரட்சிப்பு, விமோசனம், ஈடுசெய்தல், திரும்பப் பெறுதல், பணமாக்குதல். இத்தனையும் ஒரே சொல்லா என்று தோன்றும். ஒரே சொல்தான். ரிடீம் வருகிற இடத்தில் மூன்று கேள்விகளை நான் கேட்டுக்கொள்வேன். எது கைவிட்டுப் போனது? யாரிடம் இருக்கிறது? அதைத் திரும்பப் பெற என்ன கொடுக்கப்பட்டது? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் பெரும்பாலும் சரியான தமிழும் கிடைத்துவிடும்.

வேரைப் பார்த்தால் காரணம் புரியும். லத்தீனில் ‘எமெரே’ என்றால் வாங்குவது. அதற்கும் முந்தைய பொருள் எடுத்துக்கொள்வது. வாங்குபவர் ‘எம்ப்டர்’. ‘கேவியட் எம்ப்டர்’, அதாவது வாங்குபவர் கவனமாக இருக்கட்டும் என்ற சட்டத் தொடரில் அவரை இன்றும் பார்க்கலாம். ‘மறுபடி’, ‘திரும்ப’ என்பதற்கு ‘ரெ’. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் இடையில் ஒரு ‘ட்’ ஒலி வரும். ‘ரிடண்டன்ட்’ என்ற சொல்லில் வருவதும் அதே ஒலிதான். ஆக ‘ரெடிமெரே’ என்றால் திரும்ப வாங்குவது. அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் ‘ரெடெம்ப்டியோ’. ஆங்கில வினையில் ‘ப்’ இல்லாமல் ரிடீம் என்றும், பெயரில் ‘ப்’ சேர்ந்து ரிடெம்ப்ஷன் என்றும் வருவது இதனால்தான். வினையில் ‘டீ’ நீளும், பெயரில் ‘டெ’ குறுகும்.

இந்த ரெடெம்ப்டியோவைப் பழைய பிரெஞ்சுக்காரர்கள் வாயில் போட்டு மென்று மென்று ‘ரான்சோன்’ ஆக்கினார்கள். அது ஆங்கிலத்துக்குப் போய் ‘ரான்சம்’ ஆனது. பிணைக்கைதியை விடுவிக்கக் கொடுக்கும் பணம். ரான்சம், ரிடெம்ப்ஷன் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று கொள்ளைக்காரன் பக்கம் போய்விட்டது, இன்னொன்று கோயில் பக்கம் போய்விட்டது. ஆனால் பல நூற்றாண்டுகள் இரண்டும் ஒரே வீட்டில்தான் இருந்தன.

மத்தியதரைக் கடலில் கப்பல்களைப் பிடித்து, ஆட்களைச் சிறை வைத்து, பணம் கேட்பது ஒரு தொழிலாகவே நடந்த காலம் அது. பிடிபட்டவர்களைப் பணம் கொடுத்து மீட்பதற்கென்றே துறவிகளின் சபைகள் தோன்றின. 1198-ல் போப் மூன்றாம் இன்னொசென்ட் அங்கீகரித்த திரித்துவ சபை அதில் ஒன்று. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கைதிகளை மீட்க ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது அவர்களின் விதி. பார்சிலோனாவில் 1218-ல் தொடங்கிய மெர்சிடேரியன் சபை இன்னும் ஒரு படி மேலே போனது. பணம் போதவில்லை என்றால் கைதியின் இடத்தில் தானே பிணையாக உட்காருவேன் என்று அந்தத் துறவிகள் சத்தியம் செய்துகொடுத்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை ரிடெம்ப்ஷன் கவிதை வார்த்தை இல்லை. பேரம், கணக்கு, கப்பல் பயணம், கையில் எண்ணிக் கொடுக்கும் நாணயம்.

பிற்காலத்தில் டான் குயிக்ஸாட்டை எழுதிய செர்வாண்டிஸ் அப்படி மீட்கப்பட்டவர். 1575-ல் நேப்பிள்ஸிலிருந்து ஊர் திரும்பும் வழியில் பிடிபட்டு அல்ஜியர்ஸில் ஐந்து ஆண்டு கைதியாக இருந்தார். அவரிடம் பெரிய மனிதர்களின் சிபாரிசுக் கடிதங்கள் இருந்தன. அவற்றைப் பார்த்தவர்கள், இவர் ஏதோ முக்கியமான ஆள் போலிருக்கிறது என்று விலையை ஏற்றிவிட்டார்கள். உதவும் என்று கொண்டுவந்த கடிதமே சங்கிலியாகிவிட்டது. குடும்பத்தால் திரட்ட முடிந்தது கொஞ்சம்தான். 1580-ல், கான்ஸ்டாண்டினோப்பிளுக்குக் கொண்டுபோகும் கப்பலில் ஏற்றப்பட்டிருந்த நேரத்தில், திரித்துவ சபைத் துறவி ஹுவான் ஹில் மிச்சப் பணத்தைச் சேர்த்து 500 பொன் எஸ்குடோ கொடுத்து அவரை இறக்கினார். ரிடெம்ப்ஷன் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். பாய் விரிக்கக் காத்திருக்கும் கப்பல், கடைசி நேரத்தில் பணப்பையோடு வந்து நிற்கும் ஒருவர்.

சரி, பக்திப் பொருளுக்கு வருவோம். எபிரேய வேதத்தில் ‘கோயேல்’ என்றொரு சொல் உண்டு. மீட்டுக்கொடுக்கும் கடமையுள்ள நெருங்கிய உறவினர் என்பது அதன் பொருள். சகோதரன் வறுமைப்பட்டு நிலத்தை விற்றுவிட்டால் நெருங்கிய இனத்தான் வந்து அதை மீட்க வேண்டும் என்று லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் சொல்கிறது. தன்னையே அடிமையாக விற்றுக்கொண்டவனை அண்ணன் தம்பியோ, சிற்றப்பனோ, சிற்றப்பன் மகனோ மீட்கலாம். விலை எப்படி? விற்ற நிலமும் அடிமைகளும் தாமாகவே விடுபடும் ஐம்பதாவது ஆண்டுக்கு யூபிலி என்று பெயர்; அடுத்த யூபிலி வரை எத்தனை வருடம் மிச்சம் இருக்கிறதோ அதைக் கணக்குப் பார்த்து. அதே வேதத்தில் வரும் ரூத் என்ற விதவையின் கதையில், அவள் கணவனின் உறவினரான போவாஸ் ஊர் வாசலில் மூப்பர்களை உட்காரவைத்துப் பேசுவது இந்த வழக்கைத்தான். அவரைவிட நெருங்கிய உறவினர் ஒருவர் முதலில் சரி என்கிறார், விவரம் தெரிந்ததும் தன்னால் முடியாது என்று செருப்பைக் கழற்றிக் கொடுத்து உரிமையை விட்டுக்கொடுக்கிறார்.

இந்தக் கோயேல்தான் ஆங்கிலத்தில் ‘ரிடீமர்’ ஆனது. தமிழ் வேதாகமத்தில் யோபு 19:25, ‘என் மீட்பர் உயிரோடிருக்கிறார்’ என்கிறது. ‘இரட்சகர்’ என்று போடாமல் ‘மீட்பர்’ என்று போட்டவர்களுக்கு என் மரியாதை. இரட்சகர் என்பவர் காப்பவர், ஆங்கிலத்தில் ‘சேவியர்’. ஆபத்தில் இருக்கும் எவரையும் அவர் காக்கலாம், முன்பின் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மீட்பர் அப்படி இல்லை. போனது அவருடையதும்கூட, அல்லது அவர் உறவுக்குரியது. சொத்தை, மக்களை எல்லாம் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கும் யோபு கேட்பது காப்பாற்ற ஒரு பலசாலியை மட்டும் அல்ல. ‘எனக்கென்று ஒருவர் இருக்கிறார், எனக்காக வந்து நிற்பார்’ என்ற உரிமை அந்த வரியில் இருக்கிறது.

புதிய ஏற்பாட்டில் கிரேக்கச் சொற்களும் இதே வழிதான். ‘லுத்ரோன்’ என்றால் அடிமையை விடுவிக்கக் கொடுக்கும் தொகை. ‘எக்ஸகொராசோ’ என்றால் சந்தையிலிருந்து வாங்கி வெளியே கொண்டுவருவது. உள்ளே ‘அகோரா’ என்ற சந்தை ஒளிந்திருக்கிறது. எபேசியர் 5:16-ல் இந்த வினை காலத்தைப் பற்றி வருகிறது. 1611-ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு ‘ரிடீமிங் த டைம்’ என்று அதை அப்படியே வைத்துக்கொண்டது. தமிழில் ‘காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்’ என்று வந்திருக்கிறது. பொருள் தெளிவு, ஆனால் சந்தை போய்விட்டது. நேரம் எங்கோ விலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது, ஓடிப்போய் வாங்கிக்கொள் என்ற பரபரப்பு ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இயேசு தன் உயிரையே விலையாகக் கொடுத்து மனிதரை மீட்டார் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. விலை என்று வந்துவிட்டால் ஒரு கேள்வி எழாமல் இருக்காது: யாருக்குக் கொடுத்தார்? ஆரம்பகாலத் திருச்சபையில் இது பெரிய விவாதம். மனித குலம் சாத்தான் கையில் இருந்ததால் விலை அவனுக்குத்தான் போனது என்று ஓரிஜன் போன்ற இறையியலாளர்கள் எண்ணினார்கள். திருடனுக்கு விலையா, இது என்ன அவமானம் என்று நசியான்சுஸ் கிரகோரி கொதித்தார். பதினோராம் நூற்றாண்டின் கடைசியில் ஆன்செல்ம் கணக்கையே மாற்றி எழுதினார்: கடன் கடவுளுக்கு, சாத்தானுக்கு இல்லை.

இதை வெறும் இறையியல் வாதம் என்று ஒதுக்க முடியாது. 1838-ல் மேரிலாந்தில் அடிமைத்தளையிலிருந்து தப்பி, பின்னால் உலகம் அறிந்த பேச்சாளரான ஃபிரெடெரிக் டக்ளஸ் 1845-ல் பிரிட்டனுக்குப் போனார். அப்போதும் அமெரிக்கச் சட்டப்படி அவர் இன்னொருவருடைய சொத்து. திரும்பிப் போனால் பிடித்துக்கொள்ளலாம். 1846-ல் பிரிட்டனில் இருந்த நண்பர்கள் 150 பவுண்டு திரட்டிக் கொடுத்து அவருக்குச் சட்டப்படியான விடுதலையை வாங்கினார்கள். டாலரில் 711.66. அடிமை ஒழிப்பு இயக்கத்திலேயே சிலருக்கு இது பிடிக்கவில்லை. பணம் கொடுத்தால் அந்த எஜமானனுக்கு உரிமை இருந்ததாக ஒப்புக்கொண்டது ஆகாதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். டக்ளஸ் பதில் எழுதினார். இந்தப் பணம் அடிமை எஜமானனுக்கு நஷ்டஈடாகக் கொடுத்தது இல்லை, அவனுடைய பிடியிலிருந்து என்னை விடுவிக்கக் கொடுத்தது. சுதந்திரம் என் பிறப்புரிமை, அதை யாரும் எனக்கு விற்கவில்லை என்ற அர்த்தத்தில் வாதாடினார்.

என்னைக் கேட்டால் ரிடெம்ப்ஷன் என்ற சொல்லின் உள்ளே இருக்கும் வலியை இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. மீட்பதற்குக் கொடுக்கும் விலை, வைத்திருப்பவனுக்கு உரிமை இருந்தது என்பதற்குச் சாட்சி ஆகாது. ஏற்கெனவே உன்னுடையதாக இருந்ததற்கே நீ விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ‘திரும்ப’ என்ற அந்த முன்னொட்டுக்கு அவ்வளவு கனம்.

கனமான சொல்லாக இருப்பதால் அதைத் திருடிக்கொள்பவர்களும் இருந்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு தென் மாநிலங்களில் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் வாக்களித்து அரசியலில் பங்கெடுத்தார்கள். அந்த அரசுகளை 1877-க்குள் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்த வெள்ளையர்கள் தங்களை ‘ரிடீமர்கள்’ என்று அழைத்துக்கொண்டார்கள். வரலாற்று நூல்களில் இந்தப் பெயர் இன்றும் அப்படியே இருக்கிறது. அங்கே ‘மீட்பர்கள்’ என்று மட்டும் தமிழில் எழுதினால் வாசகர் ஏமாந்துபோவார். ‘தங்களை மீட்பர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள்’ என்று எழுதியே ஆக வேண்டும்.

பணத்தின் உலகில் இந்தச் சொல் வீட்டுக்கு வந்த பிள்ளை மாதிரி. கடன் வாங்கி நிலத்தை எழுதிக் கொடுத்தவர், குறித்த நாளில் பணம் கட்டாவிட்டால் நிலம் போயிற்று என்பதுதான் இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டம். ஒரு நாள் தாமதமானாலும் அவ்வளவுதான். இது அநியாயம் என்று, சட்டத்தின் கடுமையை நியாயம் பார்த்துத் தளர்த்தும் சான்சரி நீதிமன்றம் தலையிட்டது. நாள் கடந்துவிட்டாலும், அசலையும் வட்டியையும் கொண்டுவந்தால் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று தீர்ப்புகள் வந்தன. அந்த உரிமைக்கு ‘ஈக்விட்டி ஆஃப் ரிடெம்ப்ஷன்’ என்று பெயர். எத்தனை தந்திரமாக ஒப்பந்தம் எழுதினாலும் இந்த உரிமையை முடக்க முடியாது, ஒருமுறை அடமானம் என்றால் எப்போதும் அடமானம்தான் என்பது அங்கிருந்து வந்த விதி. ரிடெம்ப்ஷன் கருணையாக இருந்த நிலை மாறி உரிமையாக ஆனது இங்கேதான்.

கடன்பத்திரங்களில் பயன்பாடு இதே தர்க்கம். நிறுவனம் ஒரு பத்திரத்தை வெளியிடுகிறது என்றால் தன் வாக்கை எழுதிக் கொடுக்கிறது. முதிர்வு நாளில் முகமதிப்பைக் கொடுத்து அந்தத் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அந்த நாள் ரிடெம்ப்ஷன் தேதி, அந்தத் தொகை ரிடெம்ப்ஷன் மதிப்பு. 1,000 முகமதிப்புள்ள பத்திரத்தை நீங்கள் சந்தையில் 950-க்கு வாங்கியிருந்தாலும் முதிர்வில் 1,000 வரும், ஏனென்றால் மீட்கப்படுவது நீங்கள் கொடுத்த விலை அல்ல, அவர்கள் எழுதிக் கொடுத்த வாக்கு. பரஸ்பர நிதியில் ‘விற்பனை’ என்று சொல்லாமல் ரிடெம்ப்ஷன் என்று சொல்வதும் இதனால்தான். பங்குச் சந்தையில் பங்கை இன்னொரு முதலீட்டாளருக்கு விற்கிறீர்கள். பரஸ்பர நிதியில் யூனிட்டை வெளியிட்டவரிடமே திருப்பிக் கொடுக்கிறீர்கள், அவர் பணம் தருகிறார், அந்த யூனிட் அதோடு இல்லாமல் போகிறது.

கவனிக்க வேண்டிய ஒரு குழப்பம் இங்கே உண்டு. பத்திரத்தை ரிடீம் செய்வது வெளியிட்ட நிறுவனம். பரஸ்பர நிதி யூனிட்டை ரிடீம் செய்வதாகப் பேச்சில் சொல்வது முதலீட்டாளரை. எழுவாய் புரண்டுவிடுகிறது. தமிழில் இரண்டுக்கும் ‘மீட்டல்’ என்று போட்டால் யார் யாருக்குப் பணம் தருகிறார் என்பதே தெரியாது. முதல் இடத்தில் ‘திரும்பச் செலுத்துதல்’, இரண்டாவது இடத்தில் ‘திரும்பப் பெறுதல்’ என்று பிரித்து எழுதுவதுதான் படிப்பவருக்கு நல்லது.

‘இர்ரிடீமபிள்’ பத்திரங்களும் உண்டு. அசலைத் திருப்பிக் கொடு என்று வைத்திருப்பவர் ஒருநாளும் கேட்க முடியாது, வட்டி மட்டும் வந்துகொண்டே இருக்கும். பிரிட்டிஷ் அரசின் கன்சால் பத்திரங்கள் இந்த வகைக்குப் பேர்போனவை. அரசு விரும்பினால் மட்டும் அடைக்கலாம். 1927-ல், சர்ச்சில் நிதியமைச்சராக இருந்தபோது, வெளியிட்ட 4 சதவீதக் கன்சாலை அரசு 2015 பிப்ரவரி 1 அன்று அடைத்தது. தொகை 21.8 கோடி பவுண்டு. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று உருண்டு வந்த அந்தக் கணக்கில் 1720-ஆம் ஆண்டின் தென்கடல் நிறுவனத்தின் பங்குவிலை குமிழியாக ஊதி வெடித்த காலத்துக் கடனும் சேர்ந்திருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மிச்சமிருந்த தேதியில்லாப் பத்திரங்களும் தீர்ந்தன. மீட்க முடியாதவை என்ற பெயரோடு தலைமுறை தலைமுறையாக இருந்தவை மீட்கப்பட்டுவிட்டன. மனிதர்களைப் பற்றி ‘இர்ரிடீமபிள்’ என்று சட்டென எழுதிவிடுகிறவர்களிடம் இந்தப் பத்திரங்களைக் காட்டத் தோன்றும் எனக்கு.

அப்புறம் கூப்பன். அமெரிக்காவில் 1896-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில், கடையில் வாங்கும் பொருளுக்கு ஏற்ப பச்சை நிற ஸ்டாம்புகள் கொடுத்தார்கள். அவற்றைப் புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்துவைத்து, பொருளாக மாற்றிக்கொள்ளும் இடத்துக்கு ‘ரிடெம்ப்ஷன் சென்டர்’ என்றே பெயர். காலிப் பாட்டிலைக் கொடுத்து வைப்புத்தொகையைத் திரும்ப வாங்கும் இடத்துக்கும் அங்கே அதே பெயர். இன்று கைப்பேசியில் ‘ரிடீம்’ பொத்தானாக நிற்பது அந்த வழியில் வந்ததுதான். இங்கே கொடுக்கும் விலை எது? ஏற்கெனவே கொடுத்தாயிற்று. நீங்கள் வாங்கிய பொருட்கள், நண்பர் கட்டிய பரிசு அட்டைப் பணம், எல்லாம் முன்கூட்டியே போய்விட்டது. கையில் இருப்பது அதற்கான வாக்கு மட்டும். பொத்தானை அழுத்தியதும் வாக்கு தீர்ந்துபோகிறது.

ஒருமுறை ஒரு செயலியின் தமிழ்ப் பதிப்பில் ‘மீட்டெடு’ என்ற பொத்தானைப் பார்த்து நான் திகைத்து நின்றேன். கணக்கு ஏதும் தொலைந்துவிட்டதா, கடவுச்சொல்லை மாற்றச் சொல்கிறார்களா என்று தோன்றியது. உண்மையில் சேர்ந்திருந்த புள்ளிகளைச் செலவழிக்கத்தான் அந்தப் பொத்தான். அழிந்த கோப்பைத் திரும்பக் கொண்டுவருவதற்கும் நாம் ‘மீட்டெடு’ என்றுதான் எழுதிப் பழகிவிட்டோம். அதனால் இந்த இடத்தில் அது குழப்புகிறது. ‘பயன்படுத்து’ என்பது பரவாயில்லை, ஆனால் ஒரு முறை பயன்படுத்தினால் தீர்ந்துவிடும் என்பது அதில் இல்லை. ‘மாற்றிக்கொள்’ என்றால் எல்லாம் வந்துவிடுகிறது. இதைக் கொடுத்து அதைப் பெறுகிறேன், கொடுத்தது இனி என்னிடம் இல்லை.

இனி மனிதர்களுக்கு வரும் இடம். ‘ரிடீம் ஒன்செல்ஃப்’ என்ற தொடர் எங்கும் கேட்கிறது. ஒருவர் தவறவிட்டார், தோற்றார், அவமானப்பட்டார். பிறகு ஏதோ ஒன்றைச் செய்து இழந்த மதிப்பைத் திரும்பப் பெற்றார். கதைகளில் கெட்டவன் மெல்ல மாறி வருவதை ‘ரிடெம்ப்ஷன் ஆர்க்’ என்கிறார்கள். இங்கே பலர் செய்யும் தவறு, மன்னிப்போடு இதைக் குழப்பிக்கொள்வது. மன்னிப்பு பாதிக்கப்பட்டவர் கையில் இருக்கிறது. அவர் கொடுக்கலாம், கொடுக்காமல் போகலாம். ரிடெம்ப்ஷன் தவறு செய்தவர் கொடுக்கும் விலையில் இருக்கிறது. மன்னிக்கப்படாமலே ஒருவர் தன்னை மீட்டுக்கொள்ளலாம். ஒரு விலையும் கொடுக்காமல் மன்னிப்பு மட்டும் வாங்கிக்கொண்டு போனவரும் உண்டு. கண்ணீர் விட்டான், மன்னிப்புக் கேட்டான், உடனே நல்லவனாகிவிட்டான் என்று முடியும் கதைகள் மனதில் ஒட்டாமல் போவதற்குக் காரணம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எழுதியவர் விலையை எங்கும் காட்டவில்லை. பாத்திரம் எதை இழந்தது, எதை விட்டுக்கொடுத்தது என்று வாசகர் தேடுகிறார், அது இல்லை.

தமிழில் இதற்கு நிகர் தேடும்போது நம் சொற்களை ஒன்றோடொன்று கலக்காமல் பார்க்க வேண்டும். விமோசனம் என்றால் விடுபடுவது. சாப விமோசனத்தில் அகலிகை எதையும் கொடுக்கவில்லை. காலம் வந்தது, பாதம் பட்டது, கல் பெண்ணானது. பிராயச்சித்தத்தில் விலை உண்டு, ஆனால் நோக்கம் பாவத்தைக் கழிப்பது. போனது திரும்பி வருமா என்பது அதன் கவலை இல்லை. பரிகாரமும் கிட்டத்தட்ட அப்படித்தான். மீட்பு நெருங்கி வருகிறது, ஆனால் இன்று வெள்ளத்தில் சிக்கியவரைத் தூக்குவதும் ‘மீட்புப் பணி’ என்பதால் விலை என்ற வாசனை கொஞ்சம் போய்விட்டது. அடகுக் கடை வாசலில் மட்டும் அந்த வாசனை இன்னும் இருக்கிறது. அங்கே பேச்சுத் தமிழில் ‘திருப்புவது’ என்பார்கள்: ‘வளையலைத் திருப்பணும்’. லத்தீன்காரன் ‘ரெ’ என்று சொன்னதை நாம் ‘திருப்பு’ என்று ஒரே வினையில் வைத்திருக்கிறோம்.

மீட்பு, மீட்சி என்ற ஜோடியும் நமக்குக் கிடைத்த வசதி. மீட்பு என்றால் ஒருவர் இன்னொருவரை மீட்பது. மீட்சி என்றால் தானே மீண்டு வருவது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ரிடெம்ப்ஷன் என்ற ஒரே சொல்தான். அதனால் ஒரு நாவலின் நாயகன் கடைசியில் அடைவது மீட்பா மீட்சியா என்று மொழிபெயர்ப்பவர் முடிவெடுத்தாக வேண்டும். கதையை உண்மையாகப் படித்திருந்தால்தான் அந்த முடிவை எடுக்க முடியும். (வீணையை மீட்டுவது வேறு வினை. மீட்டான் என்றால் நகை, மீட்டினான் என்றால் வீணை.)

ஈடு என்ற சொல்லையும் மறந்துவிடக் கூடாது. ஈடு வைத்தால் அடமானம். ஈடு செய்தால் இழப்பை நிரப்புவது. ஈடு கொடுத்தால் சமமாக நிற்பது. ஈடேறினால் கடைத்தேறுவது. ஆங்கிலத்தில் ரிடீம் என்ற ஒரு சொல் எங்கெங்கெல்லாம் போகிறதோ, ஏறக்குறைய அந்த இடங்களிலெல்லாம் ஈடு நமக்கு முன்பே போய் உட்கார்ந்திருக்கிறது. ‘தன் தவறுக்கு ஈடு செய்தான்’ என்பது ரிடீமுக்கு மிக நெருக்கமான தமிழ். பாடநூல் நெடி இல்லாத தமிழும்கூட.

‘பியாண்ட் ரிடெம்ப்ஷன்’ என்பதற்கு ‘மீட்க முடியாத’ என்று எழுதுவதைவிடப் பழைய சொல் ஒன்று இருக்கிறது. எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம், உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு என்கிறது 110-ஆம் குறள். எந்த அறத்தைக் கெடுத்தவனுக்கும் தப்பிக்க வழி உண்டு, ஒருவர் செய்த உதவியை மறந்து கெடுத்தவனுக்கு மட்டும் இல்லை. ‘உய்வில்லை’ என்ற ஒற்றைச் சொல் அந்த ஆங்கிலத் தொடரின் முழு எடையையும் தாங்கும். குறளின் முதல் பாதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கதவு மூடுவதாகச் சொல்வதற்கு முன்னால், மற்ற எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறது.

எடை குறைந்த இடங்களில் எடை குறைந்த தமிழ் போதும். ‘ரிடீமிங் ஃபீச்சர்’ என்றால் மோசமான ஒன்றில் இருக்கும் ஒரே நல்ல அம்சம். ‘மீட்கும் அம்சம்’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது. நாமே பேசும்போது என்ன சொல்வோம்? ‘வீடு இருட்டு, மாடிப்படி செங்குத்து, காற்றோட்டம் ஒன்றுதான் ஆறுதல்.’ அந்த ஆறுதல்தான் சரியான சொல். எளிதான கேட்சைக் கோட்டைவிட்ட ஆட்டக்காரர், இரண்டு ஓவர் கழித்து எல்லைக் கோட்டருகே பாய்ந்து இன்னொன்றைப் பிடிக்கிறார். ஆங்கில வர்ணனையாளர் ‘ஹி ஹேஸ் ரிடீம்ட் ஹிம்செல்ஃப்’ என்கிறார். தமிழ் வர்ணனையில் ‘தன்னை மீட்டுக்கொண்டார்’ என்றால் யாருக்கும் உறைக்காது. ‘விட்டதைப் பிடித்துவிட்டார்’ என்று ஒருவர் சொல்லக் கேட்டேன்.